கறுப்பு மைக்குள் ஒரு துடிப்பான இளைஞர்

ஒரு பேராசிரியர் தேறுவாரா மாட்டாரா என்று கண்டுபிடிக்க ஆறு வருடம் தேவை என்று எங்கள் ஊர் ப்ளம் ஹாலோ பல்கலைக்கழகம் தீர்மானித்திருக்கிறது. இங்கே அமெரிக்காவின் அயோவாவில் சோளம் தேறுமா என்று பார்க்க மூன்று மாதம் போதும். ஆனால் சோளம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதில்லை.

ஆறாவது வருட முடிவில் ஒரு குழு கூடி ஓட்டுப் போடும். ஜெயித்தால் பணி நிரந்தரம். அதற்குப் பிறகு வகுப்பிலேயே தூங்கினாலும் யாரும் எழுப்ப முடியாது. தோற்றால் வேலை போய்விடும், ஆனால் உடனே போகாது. இன்னும் ஒரு வருடம் அங்கேயே பாடம் நடத்தி, வேண்டாம் என்று சொன்னவர்களுக்கே தினமும் காலை வணக்கம் சொல்லி, அப்புறம்தான் போக வேண்டும். இதற்குப் பெயர் அவகாசம்.

என் அம்மா லொரெயின் ஹாவர்கேம்ப் தோற்றாள். வயது ஐம்பத்திநான்கு. மண்புழு ஆராய்ச்சி. என்னை வளர்த்து ஒரு வழியாக்கிவிட்டு நாற்பதுக்கு மேல் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். என்னை வளர்த்ததற்கு மதிப்பெண் கிடையாது. அது நியாயம்தான், என்னைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். ஐம்பத்திநான்கு வயதில், மண்புழுவைத் தவிர வேறெதுவும் தெரியாத பெண்ணுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? ஏரிக்கரையில் தூண்டில் கடை இருக்கிறது. அங்கே மண்புழு விற்கிறார்கள். வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை.

முடிவு வந்த அன்று மாலையே வீட்டுக்கு கேசரோல் வர ஆரம்பித்துவிட்டது. உருளைக்கிழங்கும் கறியும் சீஸும் கொட்டி அடுப்பில் சுட்டு எடுக்கும் பண்டம் அது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு அதைத்தான் கொண்டுபோவார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆறு பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து, அம்மாவின் தோளைத் தட்டி, "என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேலையைக் கேட்டால் மட்டும் ஓடியிருப்பார்கள். ஆதரித்து ஓட்டுப் போட்ட ஒரே ஆள் வரவில்லை. பயம்.

டீன் மார்கிட் ரிங்டால் கொண்டுவந்த பாத்திரத்தில் மேலே வெங்காயம் பொன்னிறமாக வறுத்துத் தூவியிருந்தது. குழுவின் தலைவர் அவர்தான். அதனால் கொஞ்சம் மேலான கேசரோல்.

குழுவின் தீர்ப்பை அம்மா சாப்பாட்டு மேசையில் வாசித்தாள்.

"விண்ணப்பதாரரின் கடந்த காலம் போற்றத்தக்கது. எனினும் பல்கலைக்கழகம் முதலீடு செய்வது எதிர்காலத்தில். அது விண்ணப்பதாரரிடம் போதுமான அளவு இருப்பதாகக் குழுவால் கருத இயலவில்லை."

"எதிர்காலம் ஸ்டாக் இல்லையாம்" என்றாள் அம்மா. "உப்புக் கம்மி இதுல."

"எதுல, தீர்ப்புலயா?"

"மார்கிட்டோட கேசரோல்லடி."

அம்மாவோடு சேர்த்து அந்த வருடம் மூன்று பேருடைய கோப்புகள் குழுவுக்குப் போயிருந்தன. வெர்னன் ஸ்டைக்கர், அறுபத்தொன்று, தொழிற்சாலையில் இருந்துவிட்டுப் பேராசிரியராக வந்தவர். ஸ்லோன் பெட்டிட், முப்பத்திமூன்று. இருவருக்கும் நிரந்தரம் கிடைத்துவிட்டது. அம்மாவின் கட்டுரைகள் அவர்கள் இருவரின் கட்டுரைகளையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம். ஆனால் மாணவர்களின் கருத்துகளும் கோப்பில் இருக்கும். வெர்னனைப் பற்றி "எங்க தாத்தா மாதிரி" என்று எழுதியிருந்தார்கள். குழு அதை நிறையாகக் குறித்துக்கொண்டது. ஸ்லோனைப் பற்றி "எங்க அக்கா மாதிரி". அதுவும் நிறை. அம்மாவைப் பற்றி "எங்க அம்மா மாதிரி". குறை. ஒரு குடும்பத்தில் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் வேலை கிடைத்தது.

மறுநாள் அம்மா டீனைப் பார்க்கப் போனாள். காரை ஓட்டியது நான். கோபமாக இருக்கும்போது ஓட்டமாட்டேன் என்றாள் அம்மா.

"மார்கிட், நான் பொம்பளை, அதுவும் வயசான பொம்பளை. அதனாலதான் இப்படி நடந்திருக்கு."

"லொரெயின், நானும் பொம்பளைதானே? எனக்கும் ஐம்பத்தேழு ஆகுது. நான் எப்படிப் பாகுபாடு காட்ட முடியும், சொல்லுங்க? கண்ணாடியப் பாத்து என்னையே நான் வேலைய விட்டுத் தூக்குற மாதிரில்ல இருக்கும்!"

"ஆனா உங்களைத் தூக்கலையே."

"அது வேற" என்றார் டீன். பிறகு, "கேசரோல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அம்மா புகார் கொடுத்தாள். புகார் கொடுக்கும் இடத்தின் பெயர் சமத்துவம், சொந்தம் மற்றும் மலர்ச்சி அலுவலகம். வாசலில் "இங்கே அனைவரின் குரலும் கேட்கப்படும்" என்று வானவில் நிறத்தில் எழுதியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. கேட்கப்படும் நேரம் செவ்வாய்க்கிழமை காலை மட்டும்.

செவ்வாய்க்கிழமை கோல்பி என்ற அதிகாரி கதவைத் திறந்தான். சட்டையில் நான்கு வில்லைகள் குத்தியிருந்தான். அவற்றில் ஒன்று "நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்றது. நாற்காலிக்குப் பதில் தரையில் பஞ்சு மூட்டைகள் போட்டிருந்தார்கள். அம்மா அதில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்க என்னுடைய கை தேவைப்பட்டது. அதை அவன் வயதுக் கணக்கில் எழுதிக்கொண்டானோ என்னவோ.

"உங்க வலியை நான் மதிக்கிறேன்" என்றான். "இது பெண் புகாரா, வயசுப் புகாரா?"

"ரெண்டும்."

"ரெண்டும் ஒரே ஆளுக்கு நடக்கலாம் மேடம். ஒரே குழுவுல நடக்க முடியாது. பெண்ணுக்கு ஒரு குழு, வயசுக்கு ஒரு குழு. நீங்க ரெண்டா பிரிஞ்சுதான் போகணும்."

பெண்கள் குழுவில் முதலில் எல்லோரும் கண்ணை மூடி மூச்சு விட்டார்கள். அம்மா மூச்சு விட்டு முடிந்ததும் தலைவி பேசினார்.

"இங்க பெண்களுக்குப் பாகுபாடே கிடையாது. சாட்சி வேணுமா? நம்ம ஸ்லோனைப் பாருங்க. பெண். நிரந்தரம்."

"ஸ்லோனுக்கு வயசு முப்பத்திமூணுங்க."

"லொரெயின்! ஒரு பெண்ணோட வயசப் பத்தி இந்த அறையில பேசக் கூடாது. அது வேற குழு."

வயதுக் குழு பழைய நூலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஏறி வர முடிந்தவர் வயதால் பாதிக்கப்பட்டவர் அல்ல, ஏற முடியாதவர் புகார் கொடுக்கவில்லை. இதனால் அந்தக் குழு இதுவரை ஒரு வழக்கிலும் தோற்றதில்லை.

"மூச்சு வாங்கலையே, நல்லாத்தான் இருக்கீங்க" என்றார் குழுத் தலைவர். "வயசானவங்கள நாங்க ஒதுக்குறோம்னு யார் சொன்னா? வெர்னனைப் பாருங்க. அறுபத்தொண்ணு. நிரந்தரம்."

"வெர்னன் ஆம்பளைங்க."

"அதப் பத்தி இங்க பேச எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க. அது வேற."

"ரெண்டு குழுவும் ஒண்ணா உக்காந்து பேசினா என்ன?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கூரையைப் பார்த்தார்.

"அவ்வளவு பெரிய அறை இல்லையே" என்றார் தலைவர்.

இரண்டு குழுக்களும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதின. லொரெயின் என்ற பெண்ணுக்கு அநீதி நடக்கவில்லை. லொரெயின் என்ற வயதானவருக்கும் அநீதி நடக்கவில்லை. இரண்டையும் கூட்டினால் லொரெயினுக்கு நீதி நடந்திருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் அம்மா வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஹேட்டி, மண்புழுவ நடுவுல வெட்டினா ரெண்டு புழு ஆகும்னு எல்லாரும் நம்புறாங்க இல்ல?"

"ஆகாதா?"

"ஆகாது. செத்துப் போகும். ரெண்டு துண்டும் கொஞ்ச நேரம் துடிக்கும். அதப் பாத்துட்டு ரெண்டும் உயிரோட இருக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

கொஞ்ச தூரம் போனதும், "புழுவுக்கு ஆண் பெண் கிடையாது தெரியுமா? ஒண்ணுக்குள்ளயே ரெண்டும் இருக்கு. அதான் அதுங்களுக்குக் குழுவும் இல்லை" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த மாதம்தான் தூண்டில் கடையில் ஆள் தேவை என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதைத் தாண்டும்போது இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்தோம்.

அம்மா ஒரு வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் ஒரே ஒரு கடிதம் போட்டார். பல்கலைக்கழகம் உடனே நீதிக்காகத் துடிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் கோல்பி அரிசோனாவில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு, ஐந்தாவது வில்லையோடு திரும்பியிருந்தான். அங்கே புதிய முறை ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். கோப்பில் பெயர், ஆணா பெண்ணா, வயது எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு, ஆள் யார் என்றே தெரியாமல் படிப்பது. தெரியாத ஆளுக்கு யாரும் அநியாயம் செய்ய முடியாது அல்லவா? வேறு சில கோப்புகளோடு அம்மாவின் கோப்பையும் கலந்து, அதே குழு மறுபடி படித்துத் தீர்ப்புச் சொல்லும் என்று அறிவித்தார்கள். கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, ஆளுக்கொரு ஆங்கில எழுத்து மட்டும். அம்மா 'கே' ஆனாள்.

பெயரை அடித்தார்கள். "அவள்" என்று வந்த இடமெல்லாம் அடித்தார்கள். வருடங்களை அடித்தார்கள். அப்புறம் கோல்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது. மண்புழு என்று இருந்தாலே இது லொரெயின் என்று தெரிந்துவிடுமே? மண்புழுவை அடித்தார்கள். மண்ணையும் அடித்தார்கள். மண் இருந்தால் புழு ஞாபகம் வரும். அலுவலகத்தில் கறுப்புப் பேனா தீர்ந்துபோய் ஊருக்குள் ஆள் அனுப்பி வாங்கிவந்தார்கள். கடைசியில் அம்மாவின் புகழ்பெற்ற கட்டுரை இப்படி இருந்தது:

"இருட்டில், ஈரத்தில், ______ மேலே வருகிறது. ______ வெளிச்சத்தைக் கண்டதும் பின்வாங்குகிறது. மழைக்குப் பிறகு ______ எண்ணிக்கை ______. இதுவரை யாரும் ______."

குழுக் கூட்டத்தின் ஒலிப்பதிவை எங்களுக்கும் தரவேண்டும் என்பது விதி. சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம். அதில் பேசியவர்களை அப்படியே தருகிறேன். நிரந்தரம் ஆன சூட்டோடு சூடாக வெர்னனையும் ஸ்லோனையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள், பாகுபாடு இல்லை என்பதற்கு நடமாடும் ஆதாரமாக.

வெர்னன்: "இந்த கே யாருய்யா? அடேங்கப்பா! 'வெளிச்சத்தைக் கண்டதும் பின்வாங்குகிறது.' எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

ஸ்லோன்: "என்ன துறைன்னே சொல்ல முடியல. எல்லாத் துறையையும் தாண்டி நிக்குது. இப்போ உலகமே இதத்தான் தேடுது."

வெர்னன்: "பயமே இல்லாத பையன். 'இதுவரை யாரும்' அப்படீன்னு சொல்லி நிறுத்திட்டான் பாருங்க. மத்தவங்க முடிச்சிருப்பாங்க."

ஸ்லோன்: "வெர்னன், பையன்னு நாம முடிவு பண்ணக் கூடாது. அந்த நபர்னு சொல்லணும்."

வெர்னன்: "சரி, அந்த நபர். அவனுக்கு ஒரு முப்பது இருக்குமா?"

டீன்: "முப்பத்திரண்டுக்கு மேல சொல்லமாட்டேன். எழுத்துல ஒரு துணிவு இருக்கு. வயசானா இது வராது. இந்த மாதிரி ஆள வேற பல்கலைக்கழகம் கொத்திக்கிட்டுப் போறதுக்குள்ள நாம பிடிச்சுப் போடணும்."

ஸ்லோன்: "அந்த நபரோட மனைவிக்கும் இங்கயே ஒரு வேலை பாத்துக் குடுத்தா விட்டுட்டுப் போகமாட்டாரு."

டீன்: "நல்ல யோசனை. எதிர்காலம்னா இதுதான். எல்லாரும் கை தூக்குங்க."

ஒன்பது கைகளும் தூக்கப்பட்டன என்று பதிவில் ஒரு குரல் சொன்னது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்துபோனேன். மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மனைவி வேற வரப் போறாடி" என்றாள். "அவளுக்கும் வேலையாம்!"

மறுநாள் கே யார் என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார்கள். அம்மாவை அழைத்தார்கள். டீன் அறையில் டீனும் கோல்பியும் பல்கலைக்கழகத்தின் வக்கீலும் இருந்தார்கள். வக்கீல் மெலிந்த மனிதர், இருமினால் பறந்துவிடுவார் போல இருந்தார். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தாது. நான் சாத்தவும் இல்லை.

டீன் தொண்டையைச் செருமினார்.

"லொரெயின், ஒரு சின்னக் குழப்பம். கே ஜெயிச்சுட்டாரு. ரொம்ப சந்தோஷம். ஆனா கேயை நீங்கன்னு எடுத்துக்க முடியாது."

"ஏன் முடியாது? அது என் கோப்பு. நான் எழுதினது."

"எழுதினது நீங்கதான், ஒத்துக்கிறேன். ஆனா உங்க பேர எடுத்துட்டோம். வயச எடுத்துட்டோம். பொம்பளைங்கறத எடுத்துட்டோம். புழுவையும் எடுத்துட்டோம். உங்கள மொத்தமா எடுத்த பிறகு மிச்சம் என்ன இருந்துச்சோ, அதுக்குத்தான் நாங்க ஓட்டுப் போட்டோம்."

"அப்போ அந்த மிச்சத்துக்கு வேலை குடுப்பீங்களா?"

"விளம்பரம் குடுத்து அந்தத் தகுதியில ஒருத்தரத் தேடலாம்னு யோசிக்கிறோம்" என்றான் கோல்பி. "தேர்வுக் குழுவுல நீங்களும் இருக்கலாம். ஐம்பது வயசுக்கு மேல ஒரு பெண் வேணும்."

அப்புறம் அம்மா பேசினாள். குரல் உயரவே இல்லை.

"மார்கிட், ஆறு வருஷம் மழைல நனைஞ்சு, முட்டி போட்டு, ராத்திரி விளக்கு வெச்சு எண்ணினேன். நீங்க தூக்கின கை அதுக்குத்தான். நான் இருக்கேன்னு தெரியாம தூக்கினீங்க, அவ்வளவுதான்."

மெலிந்த வக்கீல் டீன் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒரே கோப்பு. ஒரே குழு. ரெண்டு தீர்ப்பு. நீதிபதிக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா நம்ம கதை முடிஞ்சுது. ஒலிப்பதிவு வேற இருக்கு."

"கோல்பி, பதிவு பண்ணணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார் டீன்.

"அரிசோனாவுல" என்றான் கோல்பி.

அன்று மாலைக்குள் அம்மாவுக்குப் பணி நிரந்தரம் ஆனது. உத்தரவில் இப்படி இருந்தது: "குழுவின் தவறு எதுவுமின்றியே, வெற்றிபெற்ற விண்ணப்பதாரர் முனைவர் ஹாவர்கேம்ப்பாக இருக்க நேர்ந்தது. இதனால் ஏற்பட்ட சிரமத்துக்குப் பல்கலைக்கழகம் வருந்துகிறது." யாருக்கு ஏற்பட்ட சிரமம் என்று போடவில்லை.

அன்றைக்கு யாரும் கேசரோல் கொண்டுவரவில்லை. பழைய பாத்திரங்களைத் திருப்பிக் கேட்டு மட்டும் இரண்டு பேர் வந்தார்கள்.

பல்கலைக்கழகம் இதைத் தன்னுடைய வெற்றியாக அறிவித்தது. நுழைவாயிலில் அம்மாவின் படத்தைப் பெரிதாக வைத்தார்கள். "அனுபவத்தை மதிக்கிறோம்" என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் அம்மாவுக்குச் சுருக்கங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். முப்பத்திரண்டுக்கு மேல் சொல்ல முடியாது. கறுப்பு மை முறை எல்லாத் துறைக்கும் கட்டாயமானது. கோல்பிக்கு ஆறாவது வில்லை கிடைத்தது. அடுத்த வருடக் குழுவுக்கு, நியாயம் என்றால் என்னவென்று அனுபவித்து அறிந்தவர் என்பதால், அம்மாவையே தலைவியாகப் போட்டார்கள்.

போன வாரம் அம்மா சமையலறையில் இரண்டு கோப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டும் கறுப்பு. எதிரே நான் சோளம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இது அருமையா இருக்குடி" என்று முதல் கோப்பைத் தட்டினாள். "பையன் எங்கயோ போயிடுவான்."

"பையனா?"

"சரி, அந்த நபர்."

"அந்த இன்னொண்ணு எப்படி?"

அம்மா இரண்டாவது கோப்பைப் புரட்டினாள். முகம் சுருங்கியது.

"இது சரிப்படாது. ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம், அதுக்கு ஒரு அடிக்குறிப்பு. ரொம்பப் பொறுமை. பாவம், யாரோ ஒரு வயசான பொம்பளைன்னு நெனைக்கிறேன். உழைச்சிருக்கா. ஆனா துடிப்பு இல்லை."

நான் சோளத்தைக் கீழே வைத்தேன்.

"அம்மா, உன்னோட கோப்ப மொதல் தடவை படிச்சுட்டு இதையேதானே சொன்னாங்க?"

"அது வேற" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு எழுந்து, அடுப்பைச் சூடாக்கிவிட்டு, உருளைக்கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். மேலே தூவ வெங்காயம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள்.